ஏழு சனிக்கிழமை, ஒரு பேரிங்: கிளட்ச் பழுது தேடிய கதை

நேற்று மாலை இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு கிளட்ச்சை மிதித்து, மனசுக்குள் மூன்று எண்ணி, ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. நம்பிக்கை வராமல் நியூட்ரலுக்கு வந்து மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. ஏழு சனிக்கிழமைகள் போய், இரண்டு தடவை தப்பான சாமானை மாற்றிய பிறகு கிடைத்த அமைதி அது. கையோடு எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனங்களை அடுத்த மாதம் எனக்கே வசதியாக மறந்துபோகும்.

கார் முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை, இரண்டு இருக்கை. ஆறு சிலிண்டர், 8000 ஆர்பிஎம் வரை சுற்றும், ஆறு கியர் மேனுவல். பெயரைச் சொன்னால் பேச்சு காரைப் பற்றிப் போய்விடும், அதனால் சொல்லப் போவதில்லை. ஓடியது 71,400 கி.மீ. நான் வாங்கும்போதே பழைய உரிமையாளர் ஒரு பில்லைக் கொடுத்திருந்தார்: 52,000-இல் கிளட்ச் கிட் முழுசும் மாற்றியதாக. அந்த பில்லை நம்பியதுதான் கதையின் முதல் தப்பு. ஆனால் அது தெரிய ஐந்து வாரம் ஆனது.

ஆரம்பித்தது ஒரு மலைப்பாதையில். வளைவுக்கு வளைவு கியர் மாற்றி, இன்ஜினைக் கத்தவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன். ஒரு திருப்பத்தில் கிளட்ச் பெடல் தரையோடு போய் உட்கார்ந்துகொண்டது. பாதத்தின் மேற்புறத்தை அடியில் கொடுத்துத் தூக்கினால் வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக மறுத்தது. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் விட்டேன். பெடல் ஒன்றும் நடக்காத மாதிரி சாதுவாகத் திரும்பி வந்தது. ரிவர்ஸ் மட்டும் போடப் போட ‘கர்ர்ர்’ என்றது. இந்தக் காரில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது. கியர் பாக்ஸின் உள்ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியை கிளட்ச் வழியாக வாங்கும் தண்டு) நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். மிதித்த பிறகும் உள்ஷாஃப்ட்டை ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்தக் ‘கர்ர்ர்’ சொன்ன சேதி. சேதி அன்றைக்கே வந்துவிட்டது. நான்தான் படிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை கிளட்ச் ஆயிலைப் பார்த்தேன். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா. டப்பாவில் இருந்தது பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. கிளட்ச் பக்கத்தில் இருந்து அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) திறந்ததும் வந்தது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. இதில் ஊற்றும் டாட் 4 ரகத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கொதிநிலை 155 வரை இறங்கலாம் என்றுதான் தரமே வைத்திருக்கிறார்கள். ஸ்லேவ் சிலிண்டருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளிதான். கொதித்து ஆவியாகியிருக்கிறது, பெடல் விழுந்திருக்கிறது. கணக்கு அழகாகப் பொருந்தியது. அரை லிட்டர் புது ஆயில் விட்டு, பழசு முழுக்க வெளியேறும் வரை எடுத்தேன். பெடல் கல் மாதிரி ஆனது.

பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் அதே ‘கர்ர்ர்’. பெடல் இம்முறை விழவில்லை, கெட்டியாகவே இருந்தது. காலையில் வண்டியை எடுத்ததும் ரிவர்ஸ் பூப்போல விழும். இருபது நிமிடம் ஓட்டியபின் போட்டால் கத்தும். ‘சூடானால் வருகிறது, ஆகவே ஹைட்ராலிக்தான்’ (பெடலின் அமுக்கை ஆயில் வழியே கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் பகுதி) என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. சூட்டில் இளகுவது கிளட்ச் ஆயில் மட்டுமா? கியர் ஆயிலும்தானே? குளிர்ந்த கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், உள்ஷாஃப்ட்டைத் தானே பிடித்து நிறுத்திவிடும். சூடானால் அந்தப் பிடி போய்விடும். ஷாஃப்ட்டை வேறு ஏதாவது லேசாக இழுத்தாலும் போதும், சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயம் அன்றைக்கு மண்டையில் ஏறியிருந்தால் இரண்டு சனிக்கிழமை மிச்சம்.

ஏறாததால் இரண்டாவது சனிக்கிழமை ஸ்லேவ் சிலிண்டரையே மாற்றினேன். அது முழுத் தப்பில்லை. பழையதின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்தது, அதாவது சீல் கசிய ஆரம்பித்துவிட்டது. ஏர் எடுப்பதில், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில்தான் அரை நாள் போனது. சிலிண்டர் உட்காரும் கோணத்தில் நிப்பிள் உச்சியில் இல்லை. உள்ளே ஒரு குமிழி ஒளிந்துகொண்டு வர மாட்டேன் என்கிறது. சிலிண்டரைக் கழற்றித் தொங்கவிட்டு, நிப்பிளை மேல்நோக்கிப் பிடித்து, பிஸ்டனை கிளாம்ப் போட்டு முழுக்க உள்ளே அமுக்கிவைத்தபடி எடுத்தால் வந்துவிடும். நான் முதல் தடவை கிளாம்ப் போடவில்லை. பழக்கதோஷத்தில் பெடலை ஒரு மிதி மிதித்தேன். பிஸ்டன், ஸ்பிரிங், ஆயில் மூன்றும் ஒன்றாகக் கீழே விழுந்தன. ஆயில் சப்ஃபிரேமின் பெயின்ட்டில் பட்டது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் தப்பித்தது. அரை மணி விட்டிருந்தால் பெயின்ட் தோலாக உரிந்து வந்திருக்கும்.

அன்று செய்த ஒரே உருப்படியான வேலை, அளந்தது. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 19.05 மி.மீ., ஸ்லேவ் 22.2. பரப்பளவை வகுத்தால் 1.36 வருகிறது. பெடலை முழுக்க மிதிக்கையில் மாஸ்டரின் தள்ளுகோல் 26 மி.மீ. போகிறது. அப்படியென்றால் ஸ்லேவ் கோல் 19.1 போக வேண்டும். பழைய சிலிண்டரோடு வெர்னியர் வைத்துப் பார்த்தபோது 15.5 காட்டியது. புதுசோடு, ஏர் எல்லாம் எடுத்தபின், 18.2. மீதி 0.9 மி.மீ. மாஸ்டரில் துளை மூடும் வரை வீணாகும் தூரமும் ரப்பர் ஹோஸ் உப்புவதும். ஹைட்ராலிக் சுத்தம். இதற்கு மேல் அந்தப் பக்கம் தேட ஒன்றுமில்லை என்று எண்களே சொல்கின்றன. ஓட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டாவது நிமிடம், ‘கர்ர்ர்’.

ஒரே பழுதுதான் இருக்கும் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். இருந்தது இரண்டு. முதல் பழுது உண்மையானது என்பதாலேயே இரண்டாவதைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். முப்பது வருடமாக கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றுகிறவர். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, கிட்டை வாங்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு. கிளட்ச்சைக் கண்ணால பாக்காம கண்டுபிடிக்கிறதெல்லாம் ஜோசியம்.” பாதி சரி. எப்படியும் கியர் பாக்ஸை இறக்கத்தான் போகிறோம். ஆனால் எதைத் தேடி இறக்குகிறோம் என்று தெரியாமல் இறக்கினால், பெட்டியில் வந்ததை மாட்டிவிட்டுப் பெட்டியில் வராததை விட்டுவிடுவோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மூன்று சோதனை செய்தேன். முதலில் நழுவுகிறதா என்று. ஆள் நடமாட்டமில்லாத நீண்ட ரோட்டில், நாலாவது கியரில், 2500-இலிருந்து ஆக்ஸிலரேட்டரை ஒரே அமுக்காக அமுக்கினேன். ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடு முள்ளும் கைகோத்துக்கொண்டு ஏறின. கிளட்ச் நழுவினால் ஆர்பிஎம் மட்டும் துள்ளி ஓடும். ஆகப் பிடிப்பது நன்றாகப் பிடிக்கிறது, விடுவதில்தான் வில்லங்கம். கிளட்ச் டிஸ்க்கின் ஃபேசிங் (உராயும் மேற்பரப்பு) தேய்மானம், டிஸ்க்கை ஃபிளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரம்) அழுத்தும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்வு இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இரண்டாவது, பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முதல் கியரில் பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தேன். சக்கரங்கள் மெதுவாகச் சுற்றின. ‘ஆகா, டிஸ்க் ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்று குதித்தேன். பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்துப் பார்க்கத் தோன்றியது. சக்கரங்கள் நின்றன. இன்ஜின் முக்கவில்லை, ஆர்பிஎம் ஐம்பதுகூட இறங்கவில்லை. டிஸ்க் நிஜமாகவே ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தால் இன்ஜின் திணறியிருக்கும். இங்கே இழுப்பது ரொம்பச் சின்ன விசை. சக்கரத்தைச் சுற்றும், ஆனால் பிரேக்கோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. இதை அப்படியே நோட்டில் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. அந்தக் கேள்விக்குறிக்கு அன்றே பதில் தேடியிருக்கலாம்.

மூன்றாவது, சத்தம். நியூட்ரலில் பெடலை மிதித்தால் மெல்லிய ஊளை ஒன்று கேட்டது. மிதித்தால் சத்தம், விட்டால் இல்லை என்றால் ரிலீஸ் பேரிங் (மிதிக்கையில் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கை அமுக்கி கிளட்ச்சை விடுவிப்பது) என்பது எல்லாரும் ஒப்பிக்கும் பாடம். நானும் ஒப்பித்தேன். ரிலீஸ் பேரிங், டிஸ்க், பிரஷர் பிளேட் மூன்றும் சேர்ந்த கிட்டுக்கு ஆர்டர் போட்டேன். பணத்தில் இதுதான் பெரிய அடி. இதுவரை ஆன மொத்தச் செலவில் முக்கால்வாசி அந்த ஒரு பெட்டி.

கிட் வரும் வரை சும்மா இருக்காமல் நாலாவது சனிக்கிழமை சத்தத்தின் இடத்தைப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பெடல் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை டேப் போட்டு நிறுத்தினேன், கீழ்முனை தரையில். மொத்த ஓட்டம் 140 மி.மீ. மனைவியை சீட்டில் உட்காரவைத்தேன். வண்டி நான்கு காலும் தரையில், ஹேண்ட்பிரேக், நியூட்ரல். நான் பானெட் பக்கமிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பெல் ஹவுசிங்கில் (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடும் கூடு) வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு சென்டிமீட்டராக மிதித்து எண்ணைச் சொல்ல வேண்டும். 140, 130, 120. ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்க ஆரம்பித்துவிட்டது, மெல்லிய சரசரப்பு மாற்றம் காதில் தெரிந்தது. ஊளை இல்லை. 100. இல்லை. 80. இல்லை.

“என்னங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் உள்ளேயிருந்து. “பாதிக்கு மேல போனப்புறம்தான் சத்தம் வருது. காலுக்கே தெரியுது, ஒரு நமநமப்பு. 60-ல ஆரம்பிக்குது.”

“மறுபடி செய். மெதுவா.”

“60. இப்ப பாருங்க. 50. ஏறுது பாருங்க.”

ஸ்க்ரூடிரைவர் வழியே கேட்டது. தகரத்தில் நகத்தால் கீறுகிற மாதிரி, நீளமாக. வெளியே விடவிட 62-இல் நின்றது. வேறொரு சோதனையில் கிளட்ச் பிடிக்கும் இடத்தை 58-இல் குறித்திருந்தேன். ஊளை, கிளட்ச் விடுபடும் இடத்தில்தான் பிறக்கிறது.

அப்போதுதான் புத்தி வந்தது. ரிலீஸ் பேரிங் என்றால் பெடலை லேசாகத் தொட்டதும், சுமை ஏறியதும் கத்த வேண்டும். கிளட்ச் விடுபட்ட பிறகு மட்டும் வேலை செய்கிற பேரிங் ஒன்றே ஒன்றுதான்: கிராங்க் (இன்ஜினின் முக்கியத் தண்டு) முனையில் உட்கார்ந்து உள்ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் பைலட் பேரிங். கிளட்ச் பிடித்திருக்கையில் கிராங்க்கும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதற்கு வேலையே இல்லை. விடுபட்டால்தான் உள்வளையம் வேறு, வெளிவளையம் வேறு என்று சுற்றும். அது இறுகிப்போனால் கிளட்ச் முழுக்க விட்டாலும் கிராங்க் ஷாஃப்ட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். விசை சின்னதுதான். ஹேண்ட்பிரேக் இரண்டு பல்லில் நிற்கும் அளவு. குளிர்ந்த கியர் ஆயில் தடுத்து நிறுத்தும் அளவு. நோட்டில் இருந்த கேள்விக்குறி, சூட்டுக் கணக்கு, ஊளை எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. கண்டுபிடித்தது என் காதில்லை, அவள் கால்.

வந்த கிட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், சென்டர் பார்க்கும் பிளாஸ்டிக் குச்சி. பைலட் பேரிங் இல்லை. தனியாக ஆர்டர் போட்டேன். கிட் விலையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

ஐந்தாவது சனிக்கிழமை இறக்கினேன். பேட்டரி நெகட்டிவ், எக்ஸாஸ்ட், வெப்பத் தகடு, புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் லிங்க்கேஜ், ஸ்டார்ட்டர் மோட்டார், குறுக்கு பீம் என்ற வரிசை. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட் இணைப்புகளில் பெயின்ட்டால் கோடு போட்டேன், திரும்ப அதே நிலையில் மாட்ட. ஒரு அட்டையில் பெல் ஹவுசிங்கின் வடிவம் வரைந்து, கழற்றிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். நீளம் நாலு விதம், மாறினால் வம்பு. மேலே உள்ள இரண்டு போல்ட்டுகள்தான் உயிரை வாங்கின. கண்ணுக்குத் தெரியாது, கை போகாது. 75 செ.மீ. எக்ஸ்டென்ஷன், நுனியில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், சாக்கெட் நழுவாமல் இருக்க ஜாயின்ட்டைச் சுற்றி டேப். பின்முனையை இறக்கி இன்ஜினைச் சற்றே சாயவிட்டால் வழி கிடைக்கும். அந்த இரண்டு போல்ட்டுக்கு மட்டும் மூன்று மணி நேரம். மொத்த இறக்கமே ஒன்பது மணிதான்.

கியர் பாக்ஸ் ஜாக் வாடகைக்கு எடுத்திருந்தேன். கியர் பெட்டி நாற்பத்தைந்து கிலோ இருக்கும். சாதாரண டிராலி ஜாக்கில் இதை வைத்துச் சர்க்கஸ் காட்டாதீர்கள்.

பெட்டி பின்னால் வந்ததும் முதலில் உள்ஷாஃப்ட்டின் மூக்கைப் பார்த்தேன். நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நீலமும் பழுப்புமாக ஒரு வளையம், சட்டியில் அடிப்பிடித்த மாதிரி. மைக்ரோமீட்டரில் விட்டம் 14.95 மி.மீ. தேயாத இடத்தில் 14.99. பிரஷர் பிளேட்டைக் கழற்றி, கிராங்க் முனையில் விரலை விட்டுப் பேரிங்கைத் திருப்பினேன். கொஞ்சம் வந்தது, மணல் அரைபட்டது, ஓரிடத்தில் நின்றுவிட்டது. அடுத்த தள்ளலுக்கு நகரவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது கிரீஸ் இல்லை, துருநிறத்தில் பொடி.

டிஸ்க்கைச் சும்மா தூக்கிப் போடாமல் அளந்தேன். ரிவெட் தலைக்கு மேல் இன்னும் 1.1 மி.மீ. ஃபேசிங் மிச்சம். பக்கவாட்டு ஆட்டம் 0.5, மேனுவல் 0.8 வரை விடுகிறது. இன்னும் பல ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கும். ஆனால் மையத்து ஸ்ப்ளைன் (உள்ஷாஃப்ட்டோடு கோத்துக்கொள்ளும்) பற்களில் படிபடியாகக் காயம், அதே சிவப்புப் பொடி. 19,000 கி.மீ. ஓடிய டிஸ்க்கில் அது இருக்கக் கூடாது. பேரிங்கும் செத்திருக்கிறது, ஸ்ப்ளைனும் கடிபட்டிருக்கிறது என்றால் இரண்டையும் ஏதோ ஒன்று கோணலாகப் பிடித்து வதைத்திருக்கிறது.

அது என்ன என்று கண்டுபிடிக்க அன்று ராத்திரி இரண்டு மணி நேரம் டார்ச்சும் கையுமாகக் கிடந்தேன். மறுநாள் காலை, இன்ஜினின் பின்முகத்தைத் துணியால் துடைத்தபோது கிடைத்தது. பெல் ஹவுசிங்கைச் சரியான இடத்தில் உட்காரவைக்க இரண்டு டோவல் இருக்க வேண்டும். விரல் கட்டை நீளத்தில் குழாய் போன்ற உருளைகள், அவற்றின் நடுவிலேயே போல்ட் போகும். இடப்பக்கத்து டோவல் இருந்தது. வலப்பக்கத்தில் வெறும் துளை, உள்ளே ஓரத்தில் துரு. ரொம்ப நாளாகவே காலி. போல்ட் துளையில் ஒரு மி.மீ. இடைவெளி உண்டு. டோவல் இல்லாமல் இறுக்கினால் பெல் ஹவுசிங் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அங்கேயே நின்றுவிடும். 52,000-இல் கிட் மாற்றியவர்கள் கழற்றும்போது டோவல் எதிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், திரும்ப வைக்கவில்லை. பைலட் பேரிங்கையும் தொடவில்லை, அது கிட் பெட்டியில் வருவதில்லையே. நான் அண்ணன் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு கிட்டை மட்டும் மாட்டியிருந்தால் இன்னொரு 19,000-இல் இதே இடத்தில் படுத்திருப்பேன். பேரிங் மாற்றாததால் 19,000-கூட ஓடியிருக்காது.

ஆறாவது சனிக்கிழமை சந்தேகத்தை எண்ணாக்கினேன். இந்தக் காரில் பெல் ஹவுசிங் தனியாகக் கழலும், அது பெரிய வசதி. அதை மட்டும் இன்ஜினில் மாட்டி, ஃபிளைவீலில் காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) நிறுத்தி, பின்பக்கத்து வட்டத் துளையின் உள்சுவரைத் தொடவைத்து, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். டோவல் இல்லாமல் முள் 0.58 மி.மீ. ஆடியது, அதாவது மையம் 0.29 விலகியிருக்கிறது. புது டோவலைத் தட்டி உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். 0.12. முள் அப்படி அடங்கிப்போனதைப் பார்த்த அந்த நொடிதான் இந்த ஏழு வாரத்தில் எனக்கு நிஜமாகவே இனித்தது.

பழைய பேரிங்கை எடுக்க இழுப்பான் இல்லை. பின்னால் இருக்கும் குழியில் கிரீஸை அடைத்து, மூக்கு அளவுக் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்தால் கிரீஸ் அழுத்தம் பேரிங்கை வெளியே தள்ளும் என்பார்கள். அடித்தேன். பேரிங் அசையவில்லை, கம்பியின் ஓரம் வழியே கிரீஸ் பீய்ச்சிக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், அதற்காகவே இந்த வரி. கிரீஸைத் துடைத்துவிட்டு, நனைத்த செய்தித்தாளைச் சின்னச் சின்ன உருண்டையாக்கித் திணித்தேன். கம்பிக்கு இரண்டு சுற்று டேப். அடி, இன்னும் திணி, அடி. ஆறாவது உருண்டையில் பேரிங் ‘பொதக்’ என்று வெளியே வந்து விழுந்தது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ., சாதாரண 6202 அளவு. புதுசு இருபுறமும் மூடிய, அதிகச் சூடு தாங்கும் கிரீஸ் போட்ட ரகம். ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, வெளிவளையத்தில் மட்டும் படுகிற மாதிரி ஒரு சாக்கெட்டை வைத்து நாலு தட்டு. உள்வளையத்தில் அடித்தால் மாட்டும்போதே அதைக் கொன்றுவிடுவோம்.

ஷாஃப்ட் மூக்கை 1000 நம்பர் உப்புத்தாளால் மெருகேற்றினேன். 0.04 தேய்ந்ததுதான், அதற்காக கியர் பாக்ஸைப் பிரிக்க மனமில்லை. டுவல் மாஸ் (நடுவில் ஸ்பிரிங்கோடு இரண்டு பகுதியாக இருக்கும்) ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினேன், ஆட்டம் மேனுவல் அளவுக்குள். கிரீஸ் கசிவில்லை. விட்டுவிட்டேன்.

ஏழாவது சனிக்கிழமை ஏற்றம். டிஸ்க்கில் கியர் பாக்ஸ் பக்கம் எது என்று அச்சடித்திருக்கிறது, இருந்தும் போட்டோ எடுத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக, கடைசியில் 24 நியூட்டன் மீட்டர். ஸ்ப்ளைனில் கிரீஸ் ஒரு அரிசி அளவு. தேய்த்துவிட்டு டிஸ்க்கை நகர்த்தி, வழிந்ததைத் துடைத்தேன்.

இரண்டு நீள போல்ட் வாங்கித் தலையை அறுத்து, வழிகாட்டிக் கம்பிகளாக இன்ஜினில் முறுக்கியிருந்தேன். பெட்டியின் எடை உள்ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது, தொங்கினால் புது டிஸ்க் கோணும், புதுப் பேரிங்கும் அடிபடும். கம்பிகளில் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. பத்து மி.மீ. மிச்சம் இருக்கையில் நின்றுவிட்டது. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா என்று கை துடித்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, கியரில் போட்டு, பின்முனை ஃபிளாஞ்சைக் கையால் கால்வாசி திருப்பினேன். பற்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. ‘டக்’. பெட்டி தானாகவே போய் ஒட்டியது. போல்ட் இறுக்குவது அதற்குப் பிறகுதான்.

ஸ்லேவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் அலுமினியத் தகட்டில் ஒரு சின்னத் தடுப்பு மடித்துப் போட்டேன். ஏர் எடுத்தேன், இம்முறை கிளாம்ப் போட்டு. ஸ்லேவ் ஓட்டம் 18.3. பெடலில் கிளட்ச் பிடிக்கும் இடம் 61. இருபது நிமிடம், நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ரிவர்ஸ். அமைதி. ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன். மிதித்தவள் “எனக்குக் கால்ல ஒண்ணும் தெரியல, இறங்கட்டுமா?” என்றாள்.

நோட்டைக் கூட்டினால் மொத்தம் 43 மணி நேரம். அதில் 16 மணி ஹைட்ராலிக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொரு முறை வந்தால் ஸ்லேவ் ஓட்டத்தை முதல் நாளே அளப்பேன். அது பத்து நிமிட வேலை, வெர்னியர் போதும். ஊளை எந்த இடத்தில் பிறக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகுதான் எந்த சாமானுக்கும் ஆர்டர் போடுவேன். கிட்டைத் திருப்பித் தர முடிந்திருந்தால் தந்திருப்பேனா என்றால் இல்லை. ஸ்ப்ளைன் அடிபட்ட டிஸ்க்கை மறுபடி மாட்ட முடியாது. பிரஷர் பிளேட் மட்டும் வீண் செலவு என்று சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் சோம்பேறித்தனம் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஃபிளைவீலைக் கழற்றாததால் கிராங்க்கின் பின் சீலை (இன்ஜின் ஆயில் கசியாமல் தடுப்பது) மாற்றவில்லை. துடைத்துப் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. இன்னும் கிளட்ச்சை அடித்து எடுக்கும் ஓட்டம் ஓட்டவில்லை. இன்று காலை வண்டியை நகர்த்தியபோது கீழே விரித்திருந்த அட்டையில் ஒரு காசு அளவு ஈரம் இருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். கியர் ஆயில் வாடை இல்லை. அட்டையை மாற்றி, அதில் இன்றைய தேதியைப் போட்டு, மறுபடி விரித்திருக்கிறேன். அந்த மேல் இரண்டு போல்ட்டுக்கான எக்ஸ்டென்ஷனை இன்னும் உள்ளே எடுத்துவைக்கவில்லை.